ரண சிகிச்சைக்கு முன் உண்மை

கடம்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் போளிக்குக் கை நீட்டாத பிரயாணி அரிது. குடலிறக்கத்துக்கு ரண சிகிச்சை செய்துகொள்ளக் கோவில்பட்டிப் பக்கமிருந்து திருநெல்வேலிக்குப் போகும் கரிசல் காட்டுச் சம்சாரி ஒருவர் அந்த வண்டியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்துக்கு முன்பிருந்தே ஒன்றும் உண்ணலாகாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருக்கிறார். உடன் வரும் உறவினரோ, "வெறும் வயிற்றோடு கத்தியைத் தாங்குவதெப்படி? ஒரு போளிதானே, சாப்பிடுங்கள் அண்ணாச்சி" என்று நீட்டுகிறார். அண்ணாச்சி உண்கிறார், ஆஸ்பத்திரியில் கேட்டபோது, ஒன்றும் உண்ணவில்லையென்று தலையசைக்கிறார். அந்த அன்பும் அந்தப் பொய்யும் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

ஏனெனில், மயக்க மருந்து மனிதனைத் தூங்கச் செய்வதோடு நிற்பதில்லை. தொண்டையின் காவலையும் அடக்கிவிடுகிறது. வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழலில் இறங்கினால், தடுக்க இருமலும் வராது. ஆகவேதான், லேசான ஆகாரமானால் ஆறு மணி நேரமும், எண்ணெயும் இறைச்சியும் சேர்ந்த கனத்த உணவானால் எட்டு மணி நேரமும் இடைவெளி வேண்டுமென்பது பொது விதி. பால் கலந்த காப்பியும் ஆகாரமே. வெறுந்தண்ணீரைப் பெரும்பாலோர் இரண்டு மணி நேரம் முன்வரை அருந்தலாம். எனினும் அவரவர்க்கு டாக்டர் சொன்னதே விதி.

ரண சிகிச்சைக்கு முன் நடக்கும் பரிசோதனையை நம்மவர் ஒரு சடங்காக எண்ணுகின்றனர். எடை, நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். ரத்தத்தில் சிவப்புச் சத்தும் சர்க்கரையும், ரத்தப் பிரிவும், சிறுநீரும் பார்ப்பார்கள். வயதுக்கும் நோய்க்கும் தக்கபடி இருதயப் படமும் மார்புப் படமும் எடுப்பார்கள். மயக்க மருந்து டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, கழுத்தை நிமிர்த்தச் சொல்லி, ஆடும் பல்லும் கட்டுப்பல்லும் உண்டா என்று விசாரிப்பார். மூச்சுக்குழலில் குழாய் செலுத்த நேர்ந்தால் வழி எப்படி என்று அறிவதற்காகவே இவ்வளவும். இவையெல்லாம் கருவிகள் கூறும் சாட்சியம். கருவி கூறாத சாட்சியம் ஒன்றுண்டு. அது நோயாளியின் வாக்கு.

அங்கேதான் நமது ஜனங்கள் தவறுகின்றனர். பீடியை மறைக்கின்றனர், அதை நான்கு வாரம் முன்பே விட்டொழித்தால் நுரையீரலும் புண்ணும் தேறுவது எளிதாகும். மதுவை மறைக்கின்றனர், தினந்தோறும் குடிப்பவர் படுக்கையில் திடீரென்று நிறுத்த நேர்ந்தால் நடுக்கமும் சித்தப் பிரமையும் காணக்கூடும் என்பதை டாக்டர் முன்னரே அறிந்திருக்க வேண்டாமா? நாட்டு மருந்தும் லேகியமும் உண்பதைச் சொல்லக் கூசுகின்றனர். ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரையைச் சிலர் சொல்லாமல் தொடர்கின்றனர், சிலர் கேளாமலே நிறுத்துகின்றனர், இரண்டும் பிழை. தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் பஞ்சாலையிலும் உழைத்தவர் தம் தொழிலையும் இருமலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்பு மயக்க மருந்தால் தமக்கோ தம் குடும்பத்தாருக்கோ தீங்கு நேர்ந்ததுண்டானால் அதை அவசியம் கூறவேண்டும். பெண்கள் கர்ப்பத்தைப் பற்றிய சந்தேகத்தை வெட்கத்தால் விழுங்கலாகாது.

நோயாளி உண்மை சொல்லக் கடமைப்பட்டவரென்றால், டாக்டரிடம் உண்மை கேட்க அவருக்கு உரிமையும் உண்டு. இதற்கு நமது தேச சரித்திரமே சான்று. 1922-ஆம் வருஷம் ஆறு வருஷச் சிறைத் தண்டனை பெற்று எரவாடாவிலிருந்த மகாத்மா காந்திக்குக் குடல்வால் அழற்சி கண்டது. 1924 ஜனவரி 12-ந் தேதி அவரைப் பூனா சாஸூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயினர். சிகிச்சை செய்ய வேண்டியவர் கர்னல் மாடக் என்னும் ஆங்கிலேயர். நோயாளியோ அந்த அரசாங்கத்தின் கைதி. அரசியலில் காந்தியோடு மாறுபட்ட நம் தமிழர் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார் அருகிருந்து சம்மதப் பத்திரத்தை எழுதினார். அதை வாசிக்கக் கேட்ட பிறகே மகாத்மா பென்சிலால் கையொப்பமிட்டார். சிகிச்சையின் நடுவே மின்விளக்கு அணைய, அரிக்கன் விளக்கொளியில் அது நிறைவேறியது. பிப்ரவரி 5-ந் தேதி அவர் விடுதலையானார். சிறைக் கைதியிடமும் சம்மதம் கேட்கப்பட்டது. வலியால் துவண்ட நிலையிலும் அவர் கேட்டறிந்தே ஒப்பமிட்டார். இதுவே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

நம் ஊர்களில் நடப்பதென்ன? அச்சிட்ட தாளை நீட்டினால், மடிப்பைக்கூடப் பிரிக்காமல் கைநாட்டு வைக்கின்றனர். மனைவியின் உடம்புக்குக் கணவனே கையெழுத்திட்டு முடித்துவிடுகிறான். 2008-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. சோதனைக்கென்று மட்டும் சம்மதித்த ஒரு பெண் மயக்கத்திலிருக்கையில், தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கர்ப்பப்பையை அகற்றிவிட்டனர். வயது வந்து சித்த சுவாதீனமுள்ள பெண்ணுக்குப் பதிலாகத் தாயார் சம்மதம் தர இயலாதென்றும், சோதனைக்குத் தந்த சம்மதம் வேறு சிகிச்சைக்குச் செல்லாதென்றும் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். உடனே செய்யாவிடில் உயிருக்கே ஆபத்து என்ற நிலைமை மட்டுமே விலக்கு.

ஆகவே ஒப்பமிடுமுன் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்: என்ன செய்யப் போகிறீர்கள்? ஏன் செய்கிறீர்கள்? செய்யாவிடில் என்னாகும்? வேறு வழி உண்டா? இதிலுள்ள அபாயம் யாது? இவற்றைக் கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது. நல்ல டாக்டர் இவற்றை வரவேற்பார்.

படித்த வாலிபர்களுக்கும் தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடியேற்றவும் கூட்டம் கூட்டவும் கிராமத்துக்குப் போகிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏழையுடனும் ஒரு நாள் போங்கள். அந்தத் தாளை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கூச்சத்தால் அவர் மறைப்பதை டாக்டரிடம் சொல்லத் தைரியமூட்டுங்கள். வழியில் போளி நீட்டும் கையையும் அன்போடு தடுங்கள். வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் பாரதி பிறந்த எட்டயபுரமும் அடுத்திருக்கும் சீமை இது. ஒரு சாம்ராஜ்யத்தையே கேள்வி கேட்ட மண்ணின் மக்கள், தம் சொந்த உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்க அஞ்சலாமா?