தோல் வறட்சியும் குதிக்கால் வெடிப்பும்: வீட்டில் நாளாந்தம் செய்யக்கூடியவை

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் உங்களுக்கு ஓய்வு இருக்காது. காணி துப்பரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் தோலைப் பற்றி யார் நினைப்பார்கள்? தோல் பராமரிப்பு என்றாலே தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் முகப்பூச்சுத்தான் பலருக்கு நினைவில் வரும். இங்கே சொல்லப்போவது அதுவல்ல. வெடித்த குதிக்காலோடு புழுதியிலும் சேற்றிலும் இறங்குகிறவருக்கு அந்த வெடிப்பு கிருமி உள்ளே போகும் வாசல். எலிக்காய்ச்சல் கிருமி வயல் நீரிலிருந்து உடலுக்குள் போவது பெரும்பாலும் இத்தகைய காயங்கள், வெடிப்புகள் ஊடாகத்தான். கூலி வேலைக்குப் போகிறவருக்குக் கால் புண்ணாகி ஒரு கிழமை படுத்தால் அந்தக் கிழமை வருமானமும் இல்லை.

தோல் ஏன் வறள்கிறது?

தோலின் மேற்படையை ஒரு சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். கற்கள் இருக்கின்றன, கற்களுக்கு இடையில் சாந்து இருக்கிறது. தோலில் அந்தச் சாந்து ஒருவகைக் கொழுப்பு. அது இருக்கும்வரை உடலின் ஈரம் உள்ளே நிற்கும். அது கரைந்தால் ஈரம் வெளியே போய்விடும். தோல் சாம்பல் பூத்து, செதில் எழும்பி, கடைசியில் வெடிக்கும்.

அந்தச் சாந்தைக் கரைப்பது முக்கியமாகச் சவர்க்காரம். அதிலும் துணி தோய்க்கும் சவர்க்காரத்தை உடம்புக்குப் போடுவது மிகவும் கெடுதி. வடக்கில் பல கிணறுகளில் சுண்ணாம்புத்தன்மை கூடிய தண்ணீர்தான் இருக்கிறது. தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் நுரை எழும்பாது. நுரை வரவில்லை என்று இன்னும் அதிகமாகச் சவர்க்காரம் தேய்ப்போம். அதன் படிவு தோலிலேயே தங்கிவிடும். இதற்கு மேல் சோளகக் காற்று. வைகாசி தொடங்கி மாதக்கணக்காக அது வன்னியில் புழுதியோடு வீசும்போது தோலில் உள்ள கொஞ்ச ஈரமும் போய்விடும். தை, மாசிப் பனிக்காலத்திலும் பலருக்குக் கால் வெடிக்கும்.

குளிப்பும் எண்ணெயும்

இதற்கு விலை கூடிய எதுவும் தேவையில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதுதான் முக்கியம்.

நாளுக்கு ஒரு முழுக்கு போதும். வேலை முடிந்து பொழுதுபடக் குளிப்பது நல்லது. காலையில் குளித்து எண்ணெய் பூசிக்கொண்டு காணிக்குள் இறங்கினால் உடம்பெல்லாம் புழுதி ஒட்டும். எண்ணெய் வேண்டாம் என்று பலர் விடுவதற்கு அதுதான் காரணம், அது நியாயமான காரணமும்கூட. சுடுநீர் வேண்டாம், குளிர் தாங்காத முதியவருக்கு இளஞ்சூடாகக் கொடுங்கள். சவர்க்காரத்தைக் கை, கால், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். முதுகுக்கும் முழங்காலுக்குக் கீழ் முன்பக்கத்துக்கும் வெறும் தண்ணீர் போதும். முதலில் வறள்வது அந்த இடங்கள்தான். பயற்றம் மா இருந்தால் சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். ஆனால் கறிக்கு இல்லாத பயற்றை உடம்புக்கு அரைக்கச் சொல்ல மாட்டோம்.

துவாயால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே தேங்காயெண்ணெய் பூசுங்கள். தண்ணீர் காய்ந்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு பூசினால் பலன் குறைவு. எண்ணெய் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கிறது. அதனால் ஈரம் இருக்கும்போதுதான் மூட வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் முழு உடம்புக்கும் காணும். வழிய வழியப் பூசத் தேவையில்லை. குழந்தைகளுக்கு வேர்க்குரு போட்ட இடத்தில் எண்ணெய் பூச வேண்டாம். அங்கே காற்றுப்படுவதே மருந்து.

நல்லெண்ணெய் வைத்து முழுகும் வழக்கம் உள்ளவர்கள் அதை விட வேண்டியதில்லை. ஆனால் சீயாக்காயோ சவர்க்காரமோ தேய்க்கும்போது பூசிய எண்ணெயும் கழுவுப்பட்டுவிடும். முழுகிய பிறகு கை கால்களுக்கு மெல்லியதாக மீண்டும் ஒருமுறை பூசுங்கள்.

குதிக்கால்

வெடிப்பு உள்ளவர்கள் இரவில் பத்துப் பதினைந்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் கால்களை வையுங்கள். ஊறிய தடித்த தோலைச் சுத்தமான தேங்காய்ப் பொச்சால் மெதுவாகத் தேயுங்கள். பிளேட்டால் வெட்டுவதும் சீமெந்து நிலத்தில் உரஞ்சுவதும் வேண்டாம். பிறகு வாசலின் போன்ற தடித்த பூச்சைத் தடவி, பழைய பருத்திக் கால்மேசு போட்டுக்கொண்டு படுங்கள். குதிக்காலுக்குத் தேங்காயெண்ணெயைவிட வாசலின் நல்லது. அது எளிதில் வழியாது. ஆழமான வெடிப்பு மூட இரண்டு மூன்று கிழமை எடுக்கலாம். நான்கு நாளில் பலன் இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

பகலில் செருப்பு கட்டாயம். பற்றை வெட்டும்போது மூடிய சப்பாத்து இருந்தால் இன்னும் நல்லது. கண்ணிவெடி அகற்றி முடிந்ததென அறிவிக்கப்பட்ட காணியில் மட்டும்தான் அந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பதை இங்கேயும் சொல்லிவைக்கிறோம். துருப்பிடித்த கம்பியோ தகரமோ கீறினால் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி அன்றே வைத்தியசாலையில் கேளுங்கள்.

சலரோகம் உள்ளவர்கள் ஒவ்வொரு இரவும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம். முள் ஏறினாலும் தெரியாது. நீரில் கால் வைக்கும் முன் இன்னொருவர் சூடு பார்த்துக் கொடுக்கட்டும்.

வீடு கட்டும் கைகள்

உங்கள் வீட்டை நீங்களே முன்நின்று கட்டுகிறீர்கள் என்றால் சீமெந்து குழைப்பதும் உங்கள் வீட்டாராக இருக்கலாம். ஈரச் சீமெந்து கடுமையான காரம். தோலை வறளச் செய்வதோடு சுட்டும் விடும், ஆனால் அந்த நேரத்தில் நோகாது. பல மணித்தியாலம் கழித்துத்தான் எரிவு தெரியும். இறப்பர்க் கையுறை போடுங்கள். சப்பாத்துக்குள் சீமெந்து போனால் வேலை முடியும்வரை காத்திருக்காமல் உடனே கழற்றி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கையில் ஒட்டிய சீமெந்தையோ பெயின்ற்றையோ எடுக்க மண்ணெண்ணெய் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தோலில் மிஞ்சியிருக்கும் கொழுப்பையும் எடுத்துவிடும். எண்ணெய் பூசிக்கொண்டு கையுறை இல்லாமல் குழைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். எண்ணெய் வேலைக்குப் பிறகுதான்.

குப்பிவிளக்கில் கவனம்

மின்சாரம் இன்னும் வராத கொட்டில்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். தினமும் வாசலினோ எண்ணெயோ பூசும்போது அது படுக்கை விரிப்பிலும் சாரத்திலும் சேலையிலும் ஊறும். ஊறிய துணி சாதாரணத் துணியைவிட வேகமாகப் பற்றும். தோய்த்தாலும் முழுதாகப் போகாது. பூசிக்கொண்டு அடுப்படிக்கோ குப்பிவிளக்கின் கிட்டவோ போகாதீர்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் நுளம்புத்திரி எரிப்பவர்களும் அதைப் படுக்கையிலிருந்து தள்ளி வையுங்கள்.

செயற்கைக் கால் அணிபவர்கள்

மேலே சொன்ன ஒழுங்கு உங்களுக்கும் பொருந்தும், ஒரு மாற்றத்தோடு. எஞ்சிய காலைக் காலையில் அல்ல, இரவில் கழுவி, ஒற்றிக் காயவைத்து, அப்போதே பூச்சுத் தடவுங்கள். காலையில் ஈரத்தோடோ எண்ணெயோடோ செயற்கைக் காலை மாட்டினால் தோல் வழுக்கி உரசிப் புண்ணாகும். சிவந்த அடையாளம் கழற்றிய பிறகும் மறையாமல் இருந்தால், அல்லது தோல் உரிந்தால், அது ஆறும்வரை அணிய வேண்டாம். கால் செய்து தந்த நிலையத்தில் காட்டுங்கள். பெரும்பாலும் பொருத்தத்தில்தான் பிழை இருக்கும். அதை எண்ணெயால் சரிசெய்ய முடியாது.

வறட்சி அல்லாதவை

இரவில் கூடும் கடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு பருக்கள், வீட்டில் ஒருவருக்குமேல் இதே தொல்லை: இது சொறி. சிறு உண்ணி தோலுக்குள் துளைத்து இருப்பதால் வருவது. நெருக்கமாக வாழ நேர்ந்த முகாம்களில் இது எளிதில் பரவும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. எண்ணெய் பூசி இது மாறாது. வைத்தியசாலையில் தரும் மருந்தைக் கடி இல்லாதவர் உட்பட வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். உடுப்பு, விரிப்புகளையும் அதே நாளில் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போட வேண்டும். ஒருவர் தவறினாலும் திரும்ப வரும்.

வெள்ளையாக்கும் என்று விற்கும் கிறீம்களைச் செதில் போக வாங்காதீர்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கும், சிலவற்றில் தோலை மெலிய வைக்கும் மருந்து கலந்திருக்கும்.

வெளிறிய அல்லது சிவந்த ஒரு படை எண்ணெய்க்கும் மாறாமல், தொட்டால் உணர்வில்லாமல் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள், அல்லது நேரே அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். தொழுநோய் தொடங்குவது அப்படித்தான். 6 அல்லது 12 மாதம் மாத்திரை எடுத்தால் முழுதாக மாறும், மாத்திரை இலவசம்.