கடை வாசலுக்கு வரும் பசுமைப் பணியாளர்கள்

கடந்த சில ஆண்டுகளாக நமது கடைகளுக்கும் குடோன்களுக்கும் புது வகை ஆட்கள் வந்து போகிறார்கள். வணிகவரி அதிகாரியும் அல்ல, எடை முத்திரை ஆய்வாளரும் அல்ல. ஒருவர் ஓராண்டு மின்கட்டண ரசீதுகளைக் கேட்கிறார். ஒருவர் மொட்டை மாடியை அளக்கிறார். இன்னொருவர் கம்பெனி படிவத்துடன் வந்து, டெலிவரி வண்டிக்கு மாதம் எத்தனை லிட்டர் டீசல் என்று விசாரிக்கிறார். எல்லோரையும் "பசுமைப் பணியாளர்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். இவர்களில் சிலரால் நமக்குப் பணம் மிச்சம், சிலரால் வீண் செலவு. எனவே யார், எதற்காக வருகிறார் என்பதை உறுப்பினர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நமது நாட்டில் இந்தத் தொழில் வளர்ந்த விதம் இதுதான். 2010-ல் மத்திய அரசு தேசிய சூரியசக்தித் திட்டத்தைத் தொடங்கியபோது, 2022-க்குள் 20,000 மெகாவாட் என்றுதான் இலக்கு வைத்தது. 2015-ல் அதை 1 லட்சம் மெகாவாட்டாக உயர்த்தினார்கள். காலம் தாழ்ந்தாலும் 2025 ஜனவரியில் அந்த அளவைத் தாண்டிவிட்டோம். இவ்வளவு பலகைகளை ஏற்றி இறுக்க ஆள் வேண்டாமா? அதற்காகவே 2015-ல் பசுமைப் பணிகளுக்கான திறன் குழு அமைந்தது. அதே ஆண்டு ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு "சூரியமித்ரா" பயிற்சியும் வந்தது. தொடங்கியபோது அது 600 மணி நேரப் பயிற்சி. சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2023-ல் இந்தியாவில் இத்துறையில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். அதில் பழைய நீர்மின் நிலையங்களில் இருப்பவர்களும் அடக்கம்.

முதலில் மின் சிக்கனம் பார்க்க வருபவரைச் சொல்கிறோம், ஏனென்றால் நமது கல்லாவுக்கு நேரடியாக உதவக்கூடியவர் இவர்தான். 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002-ல் ஏற்பட்டது எரிசக்தித் திறன் பணியகம். மின்விசிறியிலும் ஃப்ரிட்ஜிலும் நட்சத்திரச் சீட்டு ஒட்டச் செய்வது இந்த அமைப்புதான். இதன் தேசியத் தேர்வில் மூன்று தாள் தேறியவர் எரிசக்தி மேலாளர், நான்காவது தாளும் தேறினால் எரிசக்தித் தணிக்கையாளர். வருபவரிடம் இந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம், தயங்க வேண்டாம். சட்டப்படி தணிக்கை கட்டாயம் என்பது சிமெண்ட், இரும்பு, காகிதம் போன்ற துறைகளில் ஏராளமாக எரிசக்தி செலவிடும் ஆலைகளுக்குத்தான். மளிகைக் கடைக்காரரிடம் வந்து "கட்டாயம், அபராதம்" என்று பயமுறுத்தினால் அவர் சரியான ஆள் இல்லை.

நல்ல தணிக்கையாளர் வந்தால் முதலில் மின் இணைப்பில் பதிவாகியுள்ள கிலோவாட் அளவைப் பார்ப்பார். தேவைக்கு மேல் பதிந்திருந்தால் உபயோகிக்காத சுமைக்கும் நிலைக்கட்டணம் கட்டிக்கொண்டிருப்போம். அரவை மில், பருப்பு மில் வைத்திருப்பவர்களுக்கு மோட்டாரின் அளவும் கெபாசிட்டரும் முக்கியம். அவர் டாங் டெஸ்டர் வைத்து ஒவ்வொரு லைனையும் அளந்து சொல்வார். ஃப்ரீசரின் பின்புறச் சுருளில் தூசி அடைந்தால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். கதவு ரப்பரைச் சோதிக்க ஆளே வேண்டாம். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

மின்விசிறிக் கணக்கு இது. பழைய விசிறி சுமார் 75 வாட், புது வகை பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 160 ரூபாய். விசிறி 3,000 ரூபாய் என்றாலும் இரண்டு வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். சிறிய கடை ஒன்றுக்குத் தனியாகத் தணிக்கையாளரை அழைத்தால் அவர் கட்டணமே கட்டுப்படியாகாது. ஒரு தெருவில் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு நாள் வரவழைப்பதே நமக்குச் சரியாகப் படுகிறது.

அடுத்து, மாடியை அளக்க வருபவர். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரியவீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்பது வீடுகளுக்கு மட்டுமே. கடைக்கும் குடோனுக்கும் அந்த மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மானியம் இல்லாமலும் பகலில் மின்சாரம் அதிகம் செலவாகும் கடைக்கு இது லாபம் தரலாம். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும், நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும்.

நமக்குத் தெரிந்த மண்டிக்காரர் ஒருவர் குடோனில் பலகை போட்டார். விற்றவர்கள் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழலைக் கவனிக்கவில்லை. பலகைகள் வரிசையாக ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், இரண்டில் நிழல் விழுந்தால் வரிசை முழுவதும் உற்பத்தி படுத்துவிடும். ஆறு மாதம் புகார் சொல்லியும் விற்றவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் சூரியமித்ரா பயிற்சி முடித்த ஒரு பையன் வந்து, இரண்டு பலகைகளை இடம் மாற்றி அரை நாளில் சரிசெய்தான். ஆகவே விலையைப் பேசும்போதே, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை நிழல் எங்கே விழுகிறது, ஐந்து வருடப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

நம் கடைகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைச் சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். சொல்லலாம். ஆனால் பெரிய சூரியப் பூங்காக்களில் கட்டுமானம் முடிந்ததும் பெரும்பாலோருக்கு வேலையும் முடிந்துவிடும். ஒரு மெகாவாட்டுக்கு என்று கணக்கிட்டால், கூரைகளில் பொருத்தும் தொழில்தான் பல மடங்கு ஆட்களை வைத்துக்கொள்கிறது. வயரிங் தெரிந்த பையனுக்கு உள்ளூரிலேயே பிழைப்பு உண்டு.

கடைசியாகப் படிவக்காரர். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் சுற்றுச்சூழல் விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. சோப்பு, பிஸ்கட் கம்பெனிகளில் இதற்கென்றே அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய கணக்கில் ஒரு பகுதி விநியோகஸ்தர்களான நம்மிடம் இருக்கிறது. கேட்டால் டீசல் சிட்டையையும் மின் ரசீதையும் பார்த்து உள்ளதை எழுதிக் கொடுங்கள், வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். காலி அட்டைப்பெட்டி எத்தனை கிலோ பழைய பேப்பர் கடைக்குப் போனது என்றும் கேட்பார்கள். அந்தப் பேப்பர் கடைக்காரர் எந்தச் சான்றிதழும் இல்லாமல் இந்த வேலையைத்தான் காலங்காலமாகச் செய்துவருகிறார். அவரிடம் எடைச் சீட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும்.