தலையும் தோலும் ஓடும்

ஐஸ்லாந்து தேசத்தின் வடகரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்காக, செங்குத்தான மலைகளுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு குடாவின் ஓரத்தில், சிக்லுஃப்யோர்துர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1903-ஆம் வருஷத்துக் கோடையில் நார்வே வியாபாரிகள் அங்கே வந்திறங்கி, நம் மத்தியின் இனத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் மீனை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைக்கத் தொடங்கினார்கள். அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள் அந்தக் குக்கிராமம், இருபத்துமூன்று உப்பிடும் களங்களும் மீனெண்ணெய் ஆலைகளும் நிறைந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வசிக்கும் பட்டணமாக மாறிற்று. இருட்டே வராத கோடை இரவுகளில், படகு வந்ததென்று கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வந்து, மேலங்கி நனைய நின்று, மீனின் குடலை ஒரே கீறலில் எடுத்தெறிந்து பீப்பாய்களை நிரப்பிய பெண்களே அந்த ஐசுவரியத்துக்கு ஆதாரமாக இருந்தார்கள். ஆனால் மீன் கூட்டத்தைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கும் கருவிகளும், ஒரே வீச்சில் கூட்டத்தையே வளைத்து இழுக்கும் வலைகளும் வந்து சேர்ந்த காலத்தில், கடலின் குளிர்ச்சியும் கூடிக்கொள்ளவே, 1968-ஆம் வருஷத்தோடு ஹெர்ரிங் அந்தக் கரையை விட்டு மறைந்து போயிற்று. இன்று ஊரின் ஜனத்தொகை ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு. பழைய உப்புக்களங்கள் இருந்த இடத்தில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது; ஐரோப்பிய விருது பெற்றது; நல்ல அருங்காட்சியகம்தான். எனினும் நினைவுகளைக் காட்சிக்கு வைத்து மட்டும் ஓர் ஊர் ஜீவிக்க முடியாது.

அந்த ஊருக்குப் பிற்காலத்தில் கைகொடுத்த பொருள்களில் ஒன்று, ஒருவரும் விலை கொடுத்து வாங்க நினைக்காத இறால் ஓடு. குளிர்கடல் இறாலை உரித்துச் சதையை மட்டும் ஏற்றுமதி செய்த நாட்களில், ஓடு முழுவதும் கடலிலேயே கொட்டப்பட்டு வந்தது. அந்த ஓட்டிலிருந்து கைட்டோசான் என்னும் பொருளைப் பிரித்தெடுக்கும் பிரைமெக்ஸ் என்ற தொழிற்சாலை அங்கேயே ஏற்பட்டது. வேலை கேட்பதற்கு எளிது. ஓட்டை அமிலத்தில் இட்டால் சுண்ணாம்புச் சத்து கரைந்து போகிறது. காரத்தில் இட்டால் புரதம் கழன்று விடுகிறது. மிஞ்சுகிற கைட்டின் என்னும் நாரை மேலும் கடுமையான, சூடான காரத்தில் பக்குவப்படுத்த, இளஞ்சிவப்பு நிறமும் இறால் வீச்சமும் அடியோடு நீங்கி, மாவு போன்ற வெண்மையான தூள் கிடைக்கிறது. இந்தத் தூளில் உள்ள நேர்மின் ஏற்றம் ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தன்னிடம் இழுத்துப் பிடித்துக்கொள்வதால், காயத்தின்மேல் வைத்தால் ரத்தம் விரைவில் கட்டிக்கொள்ளும்; போர்க்களங்களில் சிப்பாய்கள் கொண்டுசெல்லும் கட்டுத்துணிகளில்கூடக் கைட்டோசான் சேர்க்கப்படுகிறது.

மீன்தோலின் கதை இதைவிட விசித்திரமானது. முற்காலத்து ஐஸ்லாந்து ஏழைகள் மீன்தோலைத் தைத்துப் பாதரட்சையாக அணிந்தார்கள் என்பதும், ஒரு மலைவழியின் தூரத்தை அதைக் கடப்பதற்குள் எத்தனை ஜோடி மீன்தோல் செருப்பு தேய்ந்து போகும் என்ற கணக்கில் சொன்னார்கள் என்பதும் அந்நாட்டு வழக்கு. காலில் தேய்ந்த அந்தத் தோலுக்கு மனித உடம்பின் மேலேயே இடம் கொடுத்தது, மேற்குக் குடாக்களைச் சேர்ந்த ஈசாஃப்யோர்துர் என்ற ஊரில் இயங்கும் கெரெசிஸ் என்னும் நிறுவனம். காட் என்ற குளிர்கடல் மீனின் தோலிலிருந்து செதிளையும் உயிரணுக்களையும் நீக்கி, உறையவைத்து உலர்த்தினால், சல்லடை போன்ற மெல்லிய தகடு கிடைக்கிறது; ஆறாத புண்ணின்மேல் அதைப் பதித்தால், நோயாளியின் சொந்த உயிரணுக்கள் அந்தக் கண்களுக்குள் புகுந்து வளர்ந்து, புதிய தோலாக மாறுகின்றன. பன்றியின் தோலையோ மாட்டின் தோலையோ இவ்விதம் உபயோகிக்க வேண்டுமானால், அவற்றிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடிய கிருமிகளை அழிக்கக் கடுமையான ரசாயனங்களைப் பிரயோகிக்க வேண்டியிருக்கிறது. குளிர்கடல் மீனிடத்தில் அந்த அபாயம் இல்லாததால், தோலின் இயற்கையான அமைப்பும் கொழுப்புச் சத்தும் பெரும்பாலும் சிதையாமல் தங்குகின்றன. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கும் தீக்காயத்துக்கும் இது பயன்படுகிறது. 2023-ஆம் வருஷத்தில் கோலோபிளாஸ்ட் என்ற டென்மார்க் கம்பெனி இந்த நிறுவனத்தை 130 கோடி டாலர் வரையிலான விலைக்கு வாங்க உடன்பட்டபோது, தோலை உரித்துக் குப்பையில் போட்டுவந்த மீன்பிடி தேசங்கள் பலவும் திரும்பிப் பார்த்தன.

தலை மட்டும் இத்தகைய விஞ்ஞானம் எதையும் வேண்டி நிற்கவில்லை. மீன்தலையை வீணாக்குவது என்பது தமிழ் வீட்டுச் சமையற்கட்டில் அறியாத பாவம். தலைக்காக வீட்டில் சண்டை மூள்வதும் உண்டு. மேல்நாட்டாருக்கோ சதைத்துண்டு ஒன்றே மீன்; அதன் எடை முழு மீனின் எடையில் பாதிகூடத் தேறாது. ஐஸ்லாந்துக்காரர்கள் காட் மீனின் தலையையும் முள்ளெலும்பையும் பூமிக்கடியிலிருந்து கிடைக்கும் வெந்நீரின் வெப்பத்தில் உலர்த்தி, உப்பில்லாத கருவாடாக நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். 1967 முதல் 1970 வரை அங்கே நடந்த பயாஃப்ரா யுத்தத்தில் பசித்தவர்களுக்கு நிவாரணமாகவும் போய்ச் சேர்ந்த உலர்மீன், அந்நாட்டின் குழம்புச் சட்டியில் நிலையான இடம் பிடித்திருக்கிறது. ஒரே சந்தையை நம்பியதன் கஷ்டத்தையும் இவர்கள் அனுபவித்தார்கள். நைஜீரியாவில் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது தலை உலர்த்தும் சாலைகள் தவித்துப் போயின.

இவ்வளவு சிக்கனம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? பிரிட்டனோடு ‘காட் யுத்தங்கள்’ நடத்தி, இருநூறு கடல்மைல் வரை தம்முடையதே என்று 1976-இல் நிலைநாட்டிய பிறகும், அந்தக் கடலிலும் மீன் குறையக்கூடும் என்ற உண்மையை அவர்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1981-இல் நாலரை லட்சம் டன்னுக்கு மேல் காட் பிடித்த தேசம், அண்மை வருஷங்களில் ஏறக்குறைய அதில் பாதியைத்தான் பிடிக்கிறது. எண்ணிக்கை குறைந்ததால், மீன் ஒவ்வொன்றிலிருந்தும் கூடுதலாக எடுக்க வேண்டியதாயிற்று. பிடித்த மீனைக் கடலில் எறிவதும் சட்டப்படி குற்றம் ஆயிற்று.

இதையெல்லாம் கேட்டு, கழிவுப்பொருளே கடற்கரைக் கிராமங்களை உய்விக்கும் சஞ்சீவி என்று யாரேனும் முடிவு கட்டினால் நான் உடன்பட மாட்டேன். 1984-இல் படகுக்கு இவ்வளவு மீன் என்ற பங்கீட்டு முறை வந்து, 1990-ஆம் வருஷத்துச் சட்டத்தால் மீன்பிடிக்கும் உரிமையே விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாக ஆனபோது, மேற்குக் குடாக்களின் சிற்றூர்கள் பல தம் பங்கை இழந்தன. படகின் சொந்தக்காரர் ஒருவர் உரிமையை விற்றுவிட்டால், அதோடு மீன் வெட்டும் கொட்டகையும், அதில் வேலை செய்த பெண்களின் கூலியும், பிறகு ஊரின் பள்ளிக்கூடமும் ஒன்றன்பின் ஒன்றாக நின்று போகின்றன. சிறு தூண்டில் படகுகள் கோடை மாதங்களில் கரையோரம் பிடித்துக்கொள்ள 2009-இல் வழி செய்யப்பட்டது, இந்தக் குறையைச் சற்றே தீர்ப்பதற்காகத்தான். மீன் கரையேறாத ஊரில் தலையும் இல்லை, தோலும் இல்லை. அன்றியும், கைட்டோசான் ஆலைக்கு வேண்டியவர்கள் சிலரே. உப்புக்களங்களில் நின்றவர்களின் தொகையோடு அதை ஒப்பிடவே முடியாது. அந்தச் சிலர் படித்த இளைஞர்கள், தலைநகருக்குப் போகாமல் பிறந்த ஊரிலேயே தங்குகிறவர்கள் என்பதுதான் உண்மையான ஆதாயம். அது சிறிது என்றும் நான் சொல்லவில்லை.

நம் நாட்டிலும் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நெடுங்காலத்துக்கு முன்பே வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே வித்தை நமக்குப் புதிதல்ல. இனி இவ்விதத் தொழிற்சாலைகளுக்கு அனுமதியும் மானியமும் வழங்கும் சர்க்கார் அதிகாரிகள், ஆலை எந்தத் துறைமுகத்தின் அருகே அமையும், இறால் உரிக்கும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதில் எத்தனை பங்கு என்ற இரண்டு கேள்விகளையும் விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.