மறுத்தது குதிரையா, நானா?

கெடாவின் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்குக் குதிரை என்றதும் நினைவுக்கு வருவது கோயில் குதிரைதான். முனீஸ்வரர் கோயில் வாசலில் முன்னங்கால்களைத் தூக்கியபடி நிற்கும் வெள்ளைச் சிமெண்டுக் குதிரை. பீடோங் பக்கம் என் பாட்டி இருந்த தோட்டத்திலும் ஒன்று இருந்தது. உயிருள்ள குதிரையெல்லாம் துரைக்கு உரியது என்பார் பாட்டி. அவருடைய அப்பா காலத்தில் துரை குதிரையில் வந்துதான் நிரை பார்ப்பாராம்.

அதனால், பல்கலைக்கழக விடுமுறையில் குதிரையேற்றம் கற்கப் போகிறேன், அதிலும் தடை தாண்டும் பயிற்சிக்குச் சேரப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. "விழுந்தா யாரு பாக்கிறது?" என்றார் அம்மா. கட்டணமும் சின்னத் தொகை அல்ல. சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் பகுதி நேரமாக உழைத்த இரண்டு நாள் சம்பளம் ஒரு வகுப்புக்குச் சரியாகிவிடும். காலையில் வந்து லாயம் கழுவிக் கொடுத்தால் கொஞ்சம் கழித்துக்கொள்கிறோம் என்று மையத்தில் சொன்னார்கள். ஒப்புக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்த குதிரையின் பெயர் பூலான். ஒரு காலத்தில் பினாங்கில் பந்தயம் ஓடியது. நம் நாட்டுப் பயிற்சி மையங்களில் இப்படி ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள் பல உண்டு. முதல் நான்கு வாரம் தடையே கிடையாது. தரையில் ஏறக்குறைய 1.3 மீட்டர் இடைவெளியில் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் துள்ளுநடையில் போகச் சொன்னார் பயிற்றுநர். எனக்குச் சலிப்பாக இருந்தது. தாண்டத்தானே வந்தோம்!

ஐந்தாவது வாரம் முதல் தடை. இரண்டு கட்டைகளைக் குறுக்காக வைத்திருந்தார்கள். நடுவில் உயரம் 40 சென்டிமீட்டர். தமிழ்ப்பள்ளிச் சிறுவன் ஒருவன் ஓடி வந்தே தாண்டிவிடுவான். பூலான் வேகமாகப் போய், தடைக்கு முன் கால்களை ஊன்றிச் சட்டென்று நின்றது. நான் நிற்கவில்லை. தடைக்கு அந்தப் பக்கம் மணலில் போய் விழுந்தேன்.

அன்று மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மறுத்துவிட்டது. அனைத்துலகப் போட்டி விதிப்படி முதல் மறுப்புக்கு 4 தண்டப் புள்ளிகள். இரண்டாவது மறுப்புக்கு வெளியேற்றம். விழுந்தால் அப்போதே வெளியேற்றம். "இந்தக் குதிரைக்குப் பயம், வேறு ஒன்று கொடுங்கள்" என்றேன். பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியைக் காட்டினார்.

தடைக்கு மூன்று எட்டு முன்பே என் கண் கட்டையைப் பார்த்துக் குனிந்திருந்தது. உடல் பின்னால் சாய்ந்திருந்தது. இரண்டு கைகளும் வாரை இழுத்துப் பிடித்திருந்தன. பந்தயம் ஓடிப் பழகிய குதிரைக்கு வார் இறுகினால் 'ஓடு' என்று பொருள். என் உடலோ 'நில்' என்கிறது. இரண்டு கட்டளையையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டு, குதிரைக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை வரை அதற்குத் தெரியும். ஆனால், நெற்றிக்கு நேர் முன்னே, மூக்குக்குக் கீழே தெரியாது. எழும்பும் நொடியில் தடை அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. சற்று முன் பார்த்த நினைவை வைத்துத்தான் தாண்டுகிறது. தலையை உயர்த்தியும் தாழ்த்தியும் தூரத்தை அளந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். நான் அந்தத் தலையைத்தான் கட்டிப் போட்டிருந்தேன். நூறாண்டுகளுக்கு முன் உலகமே இந்தத் தவற்றைச் செய்துகொண்டிருந்தது என்பது ஒரு சின்ன ஆறுதல். தாண்டும்போது பின்னால் சாய்வதுதான் சரி என்று படைவீரர்களுக்குக் கற்பித்தார்கள். குதிரையோடு சேர்ந்து முன்னால் சாய்ந்து, வாரைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும் என்று அதை மாற்றியவர் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ கப்ரில்லி (1868-1907).

நம் அச்சம் குதிரைக்குத் தொற்றுமா? 2009-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குதிரையை ஓட்டுபவரிடமும் நடத்திச் செல்பவரிடமும், "நான்காவது சுற்றில் குதிரைக்கு முன் ஒரு குடையை விரிப்போம்" என்று சொன்னார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் அந்தச் சுற்றில் மனிதரின் இதயத் துடிப்பும் கூடியது, குதிரையின் துடிப்பும் கூடியது.

இதைப் படித்த பிறகு லாய வேலையை வேறு கண்ணோடு பார்த்தேன். குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது, உடம்பைத் தேய்த்துவிடுவது, கயிற்றைப் பிடித்துக் கட்டைகளின் மேல் கூடவே நடப்பது. பூலானுக்கு இடது தோளில் தேய்த்தால் பிடிக்கும். கழுத்தை நீட்டி உதட்டைத் துருத்தும். காது பின்னால் மடங்கினால் அன்று அவசரப்படக் கூடாது.

ஹாரி டி லேயர் கதையைப் பயிற்றுநர் அப்போதுதான் சொன்னார். நெதர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய குதிரையேற்ற ஆசிரியர் அவர். 1956-இல் ஏலத்துக்குத் தாமதமாகப் போனார். விலை போகாத குதிரைகளை அடிமாட்டுக்கு ஏற்றுவதுபோல் லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து, கலப்பை இழுத்து ஓய்ந்த ஒரு சாம்பல் நிறக் குதிரையை 80 டாலருக்கு வாங்கினார். ஸ்னோமேன் என்று பெயர். பிறகு அதை அக்கம்பக்கத்தவர் ஒருவருக்கு விற்றும்விட்டார். அது வேலிகளைத் தாண்டித் தாண்டித் திரும்பி வந்தது. 1958-இல் அதே குதிரை அமெரிக்கத் தேசிய வெற்றியாளர்.

உயர்ந்த மட்டத்திலும் இதே கதைதான். பெங்களூரின் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற செய்னியர் மெடிகாட், அதற்கு முன் ஜெர்மனியின் பெட்டினா ஹோய் ஓட்டிய குதிரை. நன்கு பழக்கப்பட்ட குதிரை என்றாலும் புதிய கையைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவுக்குக் குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் அது. தோக்கியோ ஒலிம்பிக்கில் இந்த இணை 23-ஆவது இடத்தைப் பிடித்தது. "நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்ட அம்மாவுக்கு, மலேசியாவுக்காகத் தடை தாண்டிய ஷர்மினி கிறிஸ்டினா ரத்னசிங்கம் பெயரைச் சொன்னேன். ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில் மோதும் ஒலிம்பிக் விளையாட்டு இது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஒன்பதாவது வாரம் மீண்டும் அதே 40 சென்டிமீட்டர். பூலான் கழுத்தில் ஒரு பழைய தோல்வாரைக் கட்டி, கடிவாள வாரை இழுக்காமல் அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் பயிற்றுநர். தடைக்கு அப்பால் ஒரு பனையை நோக்கிப் பார்வை. மூச்சு அடைக்காமலிருக்க எட்டுகளை வாய்விட்டு எண்ண வேண்டும். மலாயில் சொல்லிக் கொடுத்தார். எனக்குத் தமிழில்தான் வந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." நான்கு சொல்வதற்குள் அந்தப் பக்கம் இருந்தோம்.

இப்போது 60 சென்டிமீட்டர் தாண்டுகிறோம். சில நாள் இன்னும் மறுக்கிறது. போன சனிக்கிழமை அம்மா கூட வந்தார். வேலிக்கு வெளியே வெகுநேரம் தள்ளியே நின்றவர், பயிற்சி முடிந்ததும் அருகில் வந்து, கைப்பையைத் திறந்தபடி கேட்டார்: "வெல்லம் கொண்டாந்தேன். இதுக்குக் குடுக்கலாமா?"