காய்ந்த தூரிகையின் எழுத்து

போடிநாயக்கனூரிலிருந்து பொட்டிபுரம் போகும் வழியில், சுண்ணாம்பு அடித்த மதில்மேல் நீலத்திலும் காவியிலும் எழுதிய விளம்பரம் எதையேனும் நின்று நிதானமாய்ப் பார்ப்பவருக்கு ஒரு விசேஷம் புலப்படும். வர்ணத்தில் தோய்ந்த பட்டைத் தூரிகை முதலில் சுவரைத் தொட்ட இடத்தில் கோடு கொழுத்து நிற்கும். கை வேகமாக இழுக்க இழுக்க வர்ணம் வற்றி, மயிர்கள் பிரிந்து, கோட்டின் முடிவில் சுண்ணாம்பின் வெண்மை கீறல் கீறலாக ஊடே தெரியும். அந்தக் கொழுப்பையும் இந்தக் கீறலையும் கைவிடாமல் கணிப்பொறிக்குள் கொண்டு சேர்த்ததே சொரசொரப்பான தூரிகை எழுத்துரு.

நம் அக்ஷரங்களின் வளைவு பனையோலையில் எழுத்தாணி ஓடிப் பழகிய வளைவு. எழுத்தாணிக்குத் தடித்த கோடு, மெல்லிய கோடு என்ற பேதம் இல்லை. தூரிகையோ ஒரே வீச்சில் இரண்டையும் தருவது. ஆகையால் ழகரத்தின் வளைவும் ணகரத்தின் சுழிகளும் வர்ணத்தால் அடைபடாமலும், வேகம் குன்றாமலும் எழுதுவதற்குத் தேர்ந்த அப்பியாசம் வேண்டும். அப்படிப்பட்ட கையை நான் ஒரு கலைஞனின் கையாகவே மதிக்கிறேன்.

மேல்நாட்டில் ராபர்ட் ஸ்மித் 1942-இல் 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்ற எழுத்தையும், பிரெஞ்சுக்காரரான ரோஜர் எக்ஸ்கோஃபோன் 1953-இல் 'மிஸ்ட்ரால்' என்ற எழுத்தையும் உலோக அச்சுக்கென்றே வரைந்தார்கள். பின்னதில், தனித்தனியே வார்த்த எழுத்துக்கள் அடுக்கியபின் கையால் எழுதியவைபோல் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். இன்று சித்திரக்காரர் காகிதத்தில் மையால் எழுதி, அதை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கீறலின் விளிம்பையும் வளைகோடாக மாற்றுகிறார். தமிழுக்கு இந்த வேலை பெரிது. ஆகார, ஐகார வரிசைகளுக்குக் காலும் இணைக்கொம்பும் பொதுவாகக் கிடைத்தாலும், இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டுமே 72 உருவங்களைத் தனித்தனியாக வரைந்தாக வேண்டும்.

இதன் பிரயோஜனம் பெரிய எழுத்தில்தான். சினிமாச் சுவரொட்டிக்கும், கடைப் பலகைக்கும், ஏலக்காய்ப் பையின் முகப்பிலுள்ள பெயருக்கும் இது கம்பீரம் தரும். எடையையும் விலையையும் இதிலேயே சிறிதாக அச்சிட்டால், கீறல்களில் மை நிறைந்து அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். அவற்றுக்குச் சாதாரண அச்செழுத்தே தக்கது.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. நம் மொழியில் மெய் இரட்டித்து வருவது சர்வ சாதாரணம். 'ஏலக்காய்' என்று எழுதினால் ககர உருவம் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், கை எழுதியதன்று என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். 1996-இல் மைக்ரோசாஃப்டும் அடோபியும் சேர்ந்து அறிவித்த ஓப்பன்டைப் முறையில் இதற்குப் பரிகாரம் இருக்கிறது: ஓர் எழுத்துக்கு இரண்டு மூன்று உருவங்களை வரைந்து வைத்து, பக்கத்து எழுத்தைப் பார்த்து அவை தாமே மாறும்படி விதி அமைக்கலாம். ஆனால் கீறலை மனம்போனபடி மாற்றி வைத்தால் போதாது. மதிலில் எழுதுகிறவர் இடையில் தூரிகையைத் தோய்க்காமல் இரண்டு ககரத்தையும் எழுதினால், முதலாவது ஈரமாகவும் இரண்டாவது சற்றே வறண்டும் விழும். எழுத்துருவிலும் இரண்டாம் ககரத்தில் வெண்மை கொஞ்சம் கூடுதலாகத் தெரிய வேண்டும்.