ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்

விமானத்தைப் பழுது பார்ப்போர் நினைவை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக்கூடக் கைந்நூல் கூறும். அதன்படியே அவர்கள் செய்வர். ஆனால் அக்கைந்நூல்களை ஒருவரே எழுதுவதில்லை. விமானத்தின் உறுப்புகளைச் செய்து தரும் நிறுவனங்கள் பல. ஒப்பந்தத்தின் பேரில் எழுதித் தருவோரும் பலர். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுதினால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத தொழிலாளர் பெரிதும் குழம்புவர்.

1970-களின் இறுதியில் ஐரோப்பிய விமானப் போக்குவரத்து நிறுவனங்களின் சங்கம் இவ்விடர்ப்பாட்டை விமானம் செய்வோரிடம் எடுத்துரைத்தது. அதன் பயனாக 1986ஆம் ஆண்டில் எளிய ஆங்கில நடைக்கான விதிநூல் வெளிவந்தது. 2005 முதல் அது 'ஏஎஸ்டி-எஸ்டிஇ 100' என்னும் பெயரில் வழங்குகிறது.

அதன் அடிப்படை, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதேயாகும். எடுத்துக்காட்டாக, 'குளோஸ்' என்பது 'மூடு' என்னும் வினையையே குறிக்கும். 'அருகில்' என்ற பொருளில் அதனை ஆளலாகாது. 'ஃபாலோ' என்பது பின்வருதலை மட்டுமே குறிக்கும்; விதிப்படி நடத்தலைக் கூற 'ஒபே' என்னும் சொல் உண்டு. செய்முறை கூறும் வாக்கியம் 20 சொற்களுக்கும், விளக்கம் கூறும் வாக்கியம் 25 சொற்களுக்கும் மேற்படலாகாது.

எனினும், விதியை எழுதி வைத்தால் மட்டும் போதாது. இதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் அனுபவம் சான்று. 1998 டிசம்பரில் ஏவப்பட்ட அதன் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம் 1999 செப்டம்பர் 23-இல் அழிந்தது. உந்துவிசைக் கணக்கை மெட்ரிக் அலகில் தரவேண்டும் என்பது எழுத்து மூலமான விதி. ஒப்பந்த நிறுவனமோ பவுண்டு அலகில் தந்தது. ஏறக்குறைய 4.45 மடங்கு வேறுபாடு! விதி இருந்தது, வந்த கணக்கை அதனோடு ஒப்புநோக்கும் சோதனை போதுமானதாக இல்லை.

ஆகவே, எழுதும் பணியை வெளியாரிடம் ஒப்படைப்போர் மூன்று செயல்களைச் செய்தல் நலம். விதிநூலையும் சொற்பட்டியலையும் ஒப்பந்தத்தோடு இணைத்தல் முதலாவது. முழு நூலும் முடியுமுன் சில பக்கங்களை மாதிரியாகப் பெற்றுத் திருத்துதல் இரண்டாவது. அந்நூலைப் பயன்படுத்தவிருக்கும் தொழிலாளி ஒருவரைக் கொண்டு, அதன்படி வேலையைச் செய்து பார்த்தல் மூன்றாவது. நீண்ட வாக்கியத்தைக் கணிப்பொறி காட்டிக்கொடுக்கும். செய்முறையில் விடுபட்ட படியை, செய்து பார்ப்பவரே கண்டறிவார்.

ஆய்வுக்கூடக் குறிப்பு எழுதும் ஆசிரியர்க்கும், மருந்து தெளிக்கும் அளவை உழவர்க்கு எழுதித் தரும் களப்பணியாளர்க்கும் இது பொருந்தும். ஒரே தாளில் ஓரிடத்தில் 'மில்லி லிட்டர்' என்றும் வேறோர் இடத்தில் 'மூடி' என்றும் அச்சிட்டால், உழவர் எதனை அளவாகக் கொள்வார்?