எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

புதுப்பிக்கப்பட்ட போர்ஷே 911 கரேரா 2024 மே மாதம் வெளிவந்தபோது, ஜெர்மனியில் அதன் ஆரம்ப விலை 1,28,700 யூரோ. அந்த விலைக்கே காரை எடுத்துப் போகிறவர்கள் அபூர்வம். நிறுவனத்தின் இணையதளத்தில் நிறம், சக்கரம், சீட், விளக்கு என்று கட்டம் கட்டமாக டிக் அடித்துக்கொண்டே போனால், ஓரத்தில் தொகை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு நல்ல குடும்பக் காரின் விலை எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்கிலேயே கரைந்துவிடும்.

அந்தத் திரை முதலில் காட்டுவது நிறம், அடுத்தது சக்கரம். ஆசையைக் கிளப்ப அது சரியான வரிசைதான். பணம் கொடுப்பவர் அதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. தொழிற்சாலையை விட்டு வந்தபின் சேர்க்க முடியாதவை முதலில். கண்ணுக்கு மட்டும் தெரிபவை கடைசியில்.

ஆரம்பத்தில் கூடுதல் வசதிப் பட்டியலைத் திறக்கவே வேண்டாம். பக்கத்து மாடல்களில் என்னென்ன சேர்ந்தே வருகின்றன என்று படியுங்கள். அதே மே மாதம் வந்த கரேரா ஜிடிஎஸ்ஸின் அப்போதைய விலை 1,70,600 யூரோ. 3.6 லிட்டர் ஹைபிரிட் எஞ்சினோடு, பின்சக்கரங்களும் திரும்பும் ஸ்டியரிங், 10 மில்லிமீட்டர் தாழ்த்திய சஸ்பென்ஷன், ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட், ஸ்போர்ட் குரோனோ எல்லாம் அதில் அடக்கம். சாதா கரேராவை எடுத்து இவற்றையெல்லாம் அதில் ஏற்றப் பார்த்தால் சில அந்த மாடலுக்குக் கிடைக்கவே கிடைக்காது. கிடைப்பவற்றைச் சேர்ப்பதற்குள் நடுவிலுள்ள கரேரா எஸ்ஸின் விலை நெருங்கிவிடும். டிக் அடிக்கும் கை ஐந்தாறு பெரிய கட்டங்களைத் தாண்டினால், மாடலையே தவறாகப் பிடித்திருக்கிறோமா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

அடுத்து, ஒரு தாளில் கார் எங்கெங்கே ஓடப்போகிறது என்று எழுதுங்கள். ஆட்டோபானில் வாராவாரம் நெடுந்தூரமா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பாதையா, வருடத்தில் சில நாள் நூர்பர்க்ரிங் பந்தயத்தடமா? காரை நிறுத்துவது தெருவிலா, பாதாள கராஜிலா? இந்தத் தாள் கையில் இல்லாமல் ஷோரூமுக்குப் போனால் விற்பனையாளரின் தாள்தான் பேசும்.

கம்பெனி பெயரில் கார் எடுப்பவருக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஜெர்மனியில் கம்பெனி காரைச் சொந்த உபயோகத்துக்கும் ஓட்டினால், பொதுவான முறைப்படி பெட்ரோல் காரின் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதம் அவருடைய வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். அந்தப் பட்டியல் விலையில் தொழிற்சாலையில் பொருத்திய எக்ஸ்ட்ராக்களும் அடக்கம். 10,000 யூரோவுக்குக் கூடுதல் வசதி சேர்த்தால், கார் கையில் இருக்கும்வரை மாதாமாதம் 100 யூரோ கூடுதல் வருமானமாகக் கணக்கில் ஏறும்.

இனிதான் பட்டியல். முதலில் சீட். மற்ற எதைவிடவும் உடம்பு அதிக நேரம் தொட்டுக்கொண்டிருப்பது அதைத்தான்; பின்னால் மாற்றுவது பெரிய செலவு. சேர்ந்தே வரும் சீட்டுக்கு மேல், 18 வகையில் நகர்த்திக்கொள்ளும் சீட் வரை தேர்வு உண்டு. இடுப்புக்கும் தோளுக்கும் இருபுறம் உயர்ந்து நிற்கும் அணைப்பை மோட்டாரால் இறுக்கலாம், தளர்த்தலாம். ஷோரூமில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரமாவது உட்காருங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். தொடைக்கு அடியில் விளிம்பு அழுத்துகிறதா, வளைவில் முழங்கால் எங்கே ஊன்றும் என்று பாருங்கள். பிறகு இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் பாருங்கள். உயர்ந்த அணைப்பு மேல் சறுக்கி ஏறுவது ஐம்பது வயது இடுப்புக்குத் தினசரி வேலையாகிவிடும். சாய்வே மாறாத கார்பன் பக்கெட் சீட் கிடைக்கும் மாடல்களில், பந்தயத்தடத்துக்குப் போகாதவர்கள் அதைப் படத்தில் ரசித்துவிட்டு நகர்வது உத்தமம்.

அடுத்தது முன்பக்கத்தை உயர்த்தும் லிஃப்ட். பட்டனை அழுத்தினால் காரின் மூக்கு சுமார் 40 மில்லிமீட்டர் எழும்பும். 35 கிலோமீட்டர் வேகம் வரை வேலை செய்யும். ஒரு இடத்தை நினைவில் வைக்கச் சொன்னால், அடுத்த முறை ஜிபிஎஸ் பார்த்துத் தானே உயர்த்திக்கொள்ளும். போர்ஷேயின் ஊரான ஸ்டுட்கார்ட் மலைச்சரிவில் கட்டிய நகரம். அங்கே பழைய கட்டடங்களின் பாதாள கராஜுக்கு இறங்கும் சரிவு செங்குத்தாகவே இருக்கும். சரிவு முடிந்து தரை சமமாகும் அந்த ஒரு முழத்தில்தான் பம்பரின் கீழுதடு கரகரவென்று உரசும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் இந்தக் கட்டத்தின் விலையைப் பற்றி வாதாட மாட்டார். வீட்டு வாசலும் ஆபீஸ் வாசலும் சமதரையாக இருந்தால் தாராளமாக விட்டுவிடலாம், எடையும் மிச்சம்.

பிரேக் விஷயத்தில் மஞ்சள் நிறம் பலரை மயக்குகிறது. செராமிக் டிஸ்க் பொருத்திய காரில் கேலிப்பர் வழக்கமாக மஞ்சள். 2001இல் 911 ஜிடி2வில் போர்ஷே செராமிக் டிஸ்க்கை முதலில் கொண்டுவந்தது. அதே அளவு இரும்பு டிஸ்க்கோடு ஒப்பிட்டால் சுமார் பாதி எடை, துரு கிடையாது, சக்கரத்தில் கருந்தூள் படிவது குறைவு. இவ்வளவு நல்லது என்றால் பந்தயத்தடத்துக்கு அடிக்கடி போகிறவர்தானே வாங்க வேண்டும்? அவர்களில் பலர் இரும்பையே கேட்கிறார்கள். தடத்தில் டிஸ்க் தேயும், மாற்ற வேண்டிவரும்; செராமிக் டிஸ்க் மாற்றும் பில் வயிற்றைக் கலக்கும். தடத்துக்கே போகாதவருக்கு 911இன் சாதா பிரேக்கே தேவைக்கு மேல். ஆக, நடுவில் நிற்கும் ஒரு சிறு கூட்டத்துக்குத்தான் இது பொருத்தம்.

சன்ரூஃப் வேண்டுமா என்பதை உயரமானவர்கள் தலையை வைத்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம்; காரின் உச்சியில் எடை ஏறுவதும் நினைவிருக்கட்டும். பெரிய பெட்ரோல் டேங்கை மட்டும் யோசிக்காமல் டிக் அடியுங்கள். 20 லிட்டருக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கும், விலை இந்தப் பட்டியலில் சொற்பம். கூப்பேயில் இப்போது பின் சீட் இல்லாமல்தான் கார் வரும். கேட்டால் செலவில்லாமல் போட்டுத் தருவார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதை மறந்துவிட்டால் சண்டை நிச்சயம்.

ஸ்போர்ட் குரோனோ பேக்கேஜ் தனிக் கதை. கரேரா 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.1 விநாடி, இந்தப் பேக்கேஜ் இருந்தால் 3.9. அந்த 0.2 விநாடியைச் சாலையில் யாரும் உணரப்போவதில்லை. டேஷ்போர்டின் நடுவில் ஒரு வட்ட ஸ்டாப்வாட்ச் வந்து உட்காரும். பெரும்பாலானோர் அதில் மணிதான் பார்ப்பார்கள். இருந்தும் இதை எடுக்கச் சொல்வேன். லாஞ்ச் கன்ட்ரோலும், பட்டனைத் தட்டியதும் 20 விநாடிக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் முழு விழிப்போடு நிற்கும் வசதியும் இதனோடு வருகின்றன. லாரியை முந்தும்போது இரண்டாவது கைகொடுக்கும். விற்கும் நாளில் பழைய கார் வாங்குபவர் தேடிப் பார்க்கும் வசதிகளிலும் இது ஒன்று.

இரவில் மலைப்பாதை ஓட்டுபவர் எச்டி மேட்ரிக்ஸ் விளக்குக்குப் பணம் ஒதுக்கலாம். 32,000க்கு மேற்பட்ட ஒளிப்புள்ளிகள், எதிரே வருபவர் கண்ணை மட்டும் விலக்கிச் சாலையை நிரப்பும். ஒலிபெருக்கிக்கு போஸ் போதும். அதற்கு மேல் பெர்லினின் பர்மெஸ்டர். பின்னால் ஆறு சிலிண்டர் பேசிக்கொண்டிருக்கும் காரில் அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை, எஞ்சினை ஓடவிட்டுப் பாட்டுப் போட்டுக் கேட்டபின் சொல்லுங்கள். குளிர்கால டயரை ஆர்டரோடு சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. பனி, உறைபனிச் சாலையில் மலைமுகடும் பனித்துகளும் பொறித்த டயர் சட்டப்படி வேண்டும்தான். அதைச் சக்கரத்தோடு அக்டோபரில் வாங்கிக்கொள்ளலாம்.

நிறத்துக்கு இப்போது வரலாம். தனி விலை இல்லாத நிறங்கள் உண்டு, மெட்டாலிக் உண்டு, அதற்கும் மேலே ‘பெயின்ட் டு சாம்பிள்’ உண்டு. 1970களின் மெக்சிகோ ப்ளூ, 1990களின் தொடக்கத்து ரூபிஸ்டோன் போன்ற பழைய 911 நிறங்களை அதில் திரும்பக் கேட்கலாம். சொந்த மாதிரி ஒன்றைக் கொடுத்து அந்த நிறத்தில் பூசச் சொல்லவும் வழி உண்டு. அந்தப் பெயின்ட் தொழிற்சாலைக்கு ஒத்துவருமா என்று சோதித்தபிறகே சம்மதிப்பார்கள், காத்திருப்பும் மாதக்கணக்கில் நீளும். திரையில் பார்த்து நிறம் எடுக்க வேண்டாம். மாதிரித் தகட்டை ஷோரூம் வாசலுக்கு எடுத்துப் போய், ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை மேகமூட்டத்திலும் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் என்று நினைத்தது பச்சையடிக்கும்.

தோல் வேலைப்பாடுதான் பணம் காணாமல் போகும் இடம். எக்ஸ்க்ளூசிவ் மனுஃபக்டூர் பிரிவு கேட்டதையெல்லாம் தைத்துத் தரும். ஏசி காற்று வரும் மெல்லிய பட்டைகளுக்குத் தோல் உறை, கார் நிறத்திலேயே சாவி, ஃபியூஸ் பெட்டியின் மூடிக்குத் தோல். அந்த மூடி கதவைத் திறந்து குனிந்தால்தான் தெரியும். கைவேலை அற்புதம் என்பதில் சந்தேகமில்லை. விற்கும்போது அதற்குக் காசு வராது, அவ்வளவுதான். ஒன்றே ஒன்று எடுங்கள், தினமும் கை படும் இடத்தில்.

முடிந்ததும் தளம் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு தரும். அதை வைத்து டீலர் உங்கள் காரை அப்படியே திறந்து பார்ப்பார். உடனே கையெழுத்துப் போடாமல் ஒரு வாரம் விட்டு, மறுபடி திறந்து, ஏன் டிக் அடித்தோம் என்று சொல்லத் தெரியாதவற்றை எடுத்துவிடுங்கள்.

டீலர் அனுப்பும் ஆர்டர் உறுதித்தாளை உங்கள் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். பின் சீட், பின்னால் மாடல் பெயர் வேண்டாம் என்ற குறிப்பு போன்ற விலையில்லாத வரிகள்தான் விட்டுப்போகும்; தொகையில் வித்தியாசம் தெரியாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. மாற்றம் செய்யக் கடைசித் தேதி எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் போர்ஷேயின் சுஃபன்ஹவுஸன் தொழிற்சாலையில் கார் அந்தப் பட்டியல்படியே வரிசைக்குப் போய்விடும். பிறகு நிறத்தை மாற்றக் கேட்டால் டீலர் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.